கோமாளியை வெட்டிய பதிப்பு

மொழிநூலுக்கும் மொழியியலுக்கும் என்ன வித்தியாசம் என்று போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டார். கேட்டவர் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இனி யாருமே என்னிடம் கேள்வி கேட்கமாட்டீர்கள். ஓய்வு பெற்றவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வித்தியாசம் ஓர் இரும்பு பீரோ. பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெரு. கீழே சைக்கிள் கடை, மாடியில் எங்கள் அலுவலகம். ஒரே கூடம், நடுவில் பீரோ. பீரோவுக்கு அந்தப் பக்கம் மொழிநூல், அதாவது பிலாலஜி. இந்தப் பக்கம் மொழியியல், அதாவது லிங்விஸ்டிக்ஸ். பீரோவின் கதவு மொழிநூல் பக்கமாகத் திறந்தது. மொழியியல்காரருக்கு ஒரு தாள் வேண்டுமென்றாலும் யாராவது சுற்றிக்கொண்டு போய்க் கேட்டு வாங்கிவர வேண்டும். அந்த யாராவதுதான் நான். பதவிப் பெயர் ஆய்வு உதவியாளர். உத்தியோகம் பீரோவைச் சுற்றுவது.

அந்தப் பக்கத்துத் தலைவரைப் பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் ஊறியவர். சாப்பாட்டுக் கடைப் பலகையைப் பார்த்தாலும், இதை எழுதியவன் எதைப் பார்த்து எழுதியிருப்பான், அதில் எது மூலம், எது இவன் கைவேலை என்று யோசிப்பார். அதற்குள் இட்லி தீர்ந்துவிடும். இந்தப் பக்கத்துத் தலைவர் புதியவர். வெளிநாட்டில் பயிற்சி எடுத்து, கழுத்தில் 'போ டை' என்கிற வில்முடிச்சோடு திரும்பி வந்தவர். கன்னடக்காரர், உருதுக்காரர், நம்மவர், யார் எந்த எழுத்துக்கு எவ்வளவு மூச்சு விடுகிறார்கள் என்று பார்க்க, வாய்க்கு நேரே மெழுகுவர்த்தியைப் பிடிப்பார். நான் 'பலாப்பழம்' சொன்னபோது சுடர் அசையவில்லை. "இன்னும் கிட்ட வா" என்றார். வந்தேன். மீசையில் இடது பாதி போயிற்று. சமத்துவம் கருதி வலது பாதியை நானே எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் மீசை வைக்கவில்லை. அறிவியலுக்கு நான் கொடுத்த ஒரே நன்கொடை அது.

ஒரு வாக்கியத்தைப் பெரியவர் கையில் கொடுத்தால், உன் அப்பா யார், தாத்தா யார், எந்த ஊரில் பிறந்தாய், வழியில் உன் காலை ஒடித்தவன் யார் என்று விசாரிப்பார். அதே வாக்கியத்தைப் புதியவர் கையில் கொடுத்தால் உறவுக்காரர்களைப் பற்றி ஒரு கேள்வி இராது. சட்டையைக் கழற்றச் சொல்லி எலும்பை எண்ணுவார். இரண்டும் நல்ல வேலைதான். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. இரண்டு வேலையும் தெரியாதவன் இரண்டு முதலாளிகளுக்கும் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதுதான் இனி வரும் கதை.

ஐம்பதுகள் முடிகிற சமயம். நகரத்து வானொலி நிலையத்தில் தமிழ்க்கூத்து ஒன்றுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினார்கள். அடுகோடியில் ஒரு கூத்துக்குழு இருந்தது. பெரும்பாலும் கோலார் தங்கவயல் குடும்பங்கள். வட ஆற்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் சுரங்க வேலைக்கு வந்து, பேரன் காலத்தில் பெங்களூருக்கு நகர்ந்தவர்கள். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் தச்சு வேலை செய்தவர்தான் குழுவின் வாத்தியார். ராஜா வேஷமும் அவருக்கே. அதே பட்டறையில் லாரிகளுக்கு பெயிண்ட் அடித்த முனிரத்தினம் கோமாளி.

நிலைய அதிகாரி கன்னடக்காரர், நாடகப் பிரியர். அவருக்கு ஒரே ஒரு கஷ்டம். எழுத்தில் இல்லாத ஒரு வார்த்தைகூட காற்றில் போகக்கூடாது என்பது விதி. குழுவிடமோ எழுத்து என்று எதுவுமே இல்லை. ஆகவே எங்களிடம் வந்தார். ஸ்கிரிப்ட் தயாரித்துக் கொடுங்கள், பிறகு ஸ்டுடியோவில் ஒத்திகைப் பதிவு, அது தேறினால் ஒலிபரப்பு என்றார்.

முதல் நாள் முனிரத்தினம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கவயல்ல லைன் வீடு மொத்தத்துக்கும் சொல்லி அனுப்பிட்டேன் சார், ரேடியோவுல வர்றேன்னு."

"அதுக்குள்ளயேவா?"

"எங்கப்பா இன்னும் சுரங்கத்துல எறங்கிக்கினுதான் கீறாரு. நான் வேஷம் கட்டறதுன்னா அவருக்கு ஆவாது. ஒரு ஆட்டம் பாத்ததில்ல. மூஞ்சில மாவு பூசிக்கினு பல்ல காட்டறது ஒரு பொழப்பான்னு கேப்பாரு. ரேடியோவுல மாவு தெரியாதே சார்! பேச்சு மட்டும்தான? பேச்ச கேட்டுட்டாருன்னா வந்து பாப்பாரு."

விஷயம் இவ்வளவுதான். மகன் பேச்சை அப்பா கேட்க வேண்டும்.

பெரியவர் வேலையைத் தம் முறைப்படி தொடங்கினார். ஒரே கதையை, ராஜா நாட்டை இழந்து காட்டுக்குப் போகும் கதையை, அடுகோடி வாத்தியாரிடம் கேட்டு எழுதினேன். தங்கவயலில் இன்னொரு குழுவிடம் கேட்டு எழுதினேன். ஆம்பூர்ப் பக்கம் போய் ஒரு பழைய ஆட்டக்காரரிடமும் எழுதினேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றிலும் இருப்பது மூலம், ஒன்றில் மட்டும் இருப்பது இடைச்செருகல் என்று பிரித்தோம். பிரித்தோம் என்றால், கத்தரிக்கோல் என் கையில். வாழ்க்கையில் முதல்முறையாக அதிகாரம் கையில் வந்த மனிதன் எப்படி வெட்டுவான்? அப்படி வெட்டினேன். கோமாளி பேச்சு எந்த இரண்டு பிரதியிலும் ஒத்துப்போகவில்லை. ஒட்டுமொத்தமாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுகோடி மைதானத்தில் குழுவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். வாத்தியாருக்கு ஏகக் குஷி. பாட்டெல்லாம் சுத்தமாக, தளை தட்டாமல் வந்திருந்தது. முனிரத்தினம் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"நான் எப்ப வர்றேன் சார்?"

"வரல."

"லேட்டா வர்றேனா?"

"வரவே இல்ல முனிரத்தினம்."

"நல்லா தேடிப் பாருங்க சார், பின்பக்கம் எங்கனா ஒக்காந்துக்கினு இருப்பேன்."

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதை அவரும் பார்த்தார்.

புதியவருக்கு இது தெரிந்ததும் குதித்தார். மனிதன் வாயில் வருவதுதான் மொழி, அதைத் திருத்த நாம் யார் என்று ஒலிப்பதிவுக் கருவியை என் தோளில் ஏற்றி அனுப்பினார். கருவியா அது? அம்மிக்கல்லுக்குச் சுழலும் தட்டு இரண்டு வைத்ததுபோல இருக்கும். பக்கத்து டீக்கடையிலிருந்து ஒயர் இழுத்துத்தான் ஓட்டினேன். மைதானத்தில் பிள்ளைகளும் பெண்களும் கூடிவிட்டார்கள். அவர்கள் சிரிப்பும் கூச்சலும் பதிவில் விழக்கூடாது என்பது புதியவர் கட்டளை. எல்லோரையும் விரட்டினேன். காலி மைதானத்தில், தனியாக நின்ற முனிரத்தினத்திடம் ஒரே நகைச்சுவையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். நாலாவது தடவை அது நகைச்சுவையாக இல்லை. போலீஸ் வாக்குமூலம்போல இருந்தது.

கேட்டதையெல்லாம் கேட்டபடி எழுதினோம். அடுத்த ஞாயிறு அதையும் வாசித்தேன்.

"இருமல் வரைக்கும் எழுதிக்கிறீங்களே சார். இப்ப நான் பீடிய வுட்டுடணுமா, இல்ல ரேடியோவுலயும் கரெக்டா இதே எடத்துல இருமணுமா?"

பீரோவுக்கு இரு பக்கமும் யுத்தம். நான் நடுவில் தூதன்.

"இருமலுக்கும் உரை எழுதச் சொல்றாரா உங்க ஆளு?" என்று பெரியவர் கேட்பார். சுற்றிக்கொண்டு போய்ச் சொல்வேன். "செத்தவங்க பேசினாத்தான் உங்க ஐயாவுக்குக் காது கேக்கும்னு சொல்லு" என்பார் புதியவர். திரும்பி வந்து, "யோசிக்கிறேன்னு சொன்னார் ஐயா" என்பேன். மொழிபெயர்ப்பில் எனக்கு அப்போதே நல்ல கை.

கடைசியில் சமரசம். பெரியவரின் பாட்டுகள், நடுவே புதியவரின் பதிவிலிருந்து இருமலை நீக்கிய கோமாளி பேச்சு. இருவருக்கும் பாதித் திருப்தி. சமரசத்தின் லட்சணம் அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குழுவை ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போனேன்.

ஸ்டுடியோ என்றால் சுவரெல்லாம் துணி ஒட்டிய அறை. கண்ணாடிக்கு அந்தப்புறம் அதிகாரியும் டேப் ஓட்டுகிறவரும். பேர் கொடுத்த கலைஞர்களைத் தவிர உள்ளே ஒருவரும் போகக்கூடாது. நான் கண்ணாடிக்கு வெளியே. ரேடியோதான் என்றாலும் கிரீடத்தோடு வந்திருந்த வாத்தியார், ராஜாவாகக் கணீரென்று பாடினார். கோமாளி நுழைய வேண்டிய இடம் வந்தது. முனிரத்தினம் தாளைப் பார்த்தார். துணிச்சுவரைப் பார்த்தார். எழுதியிருந்ததை எழுதியபடி சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. உயிரும் இல்லை. ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

மறுபடி எடுத்தார்கள். இன்னும் மோசம்.

அதிகாரி வெளியே வந்தார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். "ராஜா சென்னாகி, நல்லா பாடறார் சார். கோமாளி பார்ட் பேடா, வேண்டாம். அதை எடுத்துட்டு, ராஜா மட்டும் வெச்சுக்கலாம். டைம் இல்ல, அடுத்தது பாட்டுக் கச்சேரி." வெளியே தம்புராவோடு ஓர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் தலை குனிந்து நின்றார். முனிரத்தினம் கதவோரம் வந்து, தாளை அழகாக மடித்து என்னிடம் நீட்டினார்.

"சார், ரேடியோ ரிப்பேருன்னு தங்கவயலுக்கு ஒரு தந்தி குடுக்கலாமா?"

நண்பர்களே, இந்தத் துறையில் அவசரமாக முடிவெடுக்க வேண்டிய நேரம் வராது என்று நினைத்துச் சேர்ந்திருப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் சேர்ந்தேன். அந்த இடத்தில், தம்புரா அம்மாளின் பார்வை முதுகில் குத்த, என் மண்டைக்குள் இரண்டு குப்பைத்தொட்டிகள் தெரிந்தன. ஒன்று, மூன்று பிரதிகளிலிருந்தும் நான் வெட்டிப் போட்ட வரிகள். 'யாரய்யா அது', 'அப்புறம்', 'எங்க போனாரு' என்று யார் பேசினார்கள் என்றே தெரியாத துண்டுகள். சொன்னவர் பெயர் இல்லாததால் பிழை என்று வெட்டியவை. இன்னொன்று, பதிவுக்காக மைதானத்திலிருந்து நான் விரட்டிய கூட்டம். முதலாவது, பெரியவர் கணக்கில் இடைச்செருகல். இரண்டாவது, புதியவர் கணக்கில் இரைச்சல். இரண்டும் ஒரே ஆள்: கோமாளிக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிறவன். அவன் இல்லாமல் கோமாளி யாரிடம் பேசுவான், துணிச்சுவரிடமா?

"அஞ்சு நிமிஷம் சார். டேப் ஓடட்டும்" என்றேன். அதிகாரி என்ன பதில் சொன்னார் என்று கேட்க நான் அங்கே இல்லை. முனிரத்தினத்தையும் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அவருக்கு எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடிக்கு அப்பால் ஒரு கை வேகமாக ஆடியது. போகச் சொல்கிறது என்று புரிந்தது. புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது எனக்கு இயற்கையாக வரும்.

"யோவ்! ராஜா எங்கய்யா?" என்றேன்.

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். மூச்சு விட்டார்.

"ராஜாவா? நாட்ட வுட்டுட்டாரு. காட்டுக்குப் போறாரு. ஓசூர் ரோட்டுல பஸ்சுக்கு நிக்கிறாரு."

"பஸ்சு வருமா?"

"அது வர்றதுக்குள்ள வனவாசமே முடிஞ்சிரும்!"

"நீ ஏன்யா கூடப் போவல?"

"அவருக்கு நாடு போச்சு, போறாரு. எனக்கு இன்னா போச்சு? எங்கிட்ட எதுனா இருந்தாத்தானய்யா போவும்!"

வாத்தியாருக்குக் கிரீடத்தோடு உடம்பு நிமிர்ந்தது. "அடேய், ராஜன் சோகத்தில் இருக்கையில் சிரிப்பென்ன?" என்று அவரே புதிதாக ஒரு வரி போட்டார். "ராஜா, நீ அழுவு, நான் சிரிக்கிறேன். ரெண்டு பேரும் அழுதா மேளக்காரன் எந்தத் தாளம் வாசிப்பான்?" என்றார் முனிரத்தினம். பிறகு நான் கேட்டேன், அவர் சொன்னார், நான் மறுபடி கேட்டேன். கண்ணாடிக்கு அப்பால் ஆடிய கை நின்றது. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். டேப் ஓட்டுகிறவர் மேஜைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்தார், தோள் குலுங்கியது.

வெளியே வந்ததும் அதிகாரி சிரித்துக்கொண்டே தலையில் கை வைத்தார்.

"தும்பா சென்னாகிதே, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா சார், இதுல ஒண்ணுகூட ஸ்கிரிப்ட்ல இல்லையே! ரூல் இருக்கே!"

"டேப் ஓடிச்சா சார்?"

"ஓடிச்சு."

"காத்துல எப்ப போகும்?"

"வர்ற வியாழக்கிழமை."

"அப்ப எழுத்து வியாழக்கிழமைக்கு முன்னால வந்தாப் போதும்ல? காத்துல போறதுக்கு முன்னாலதான எழுத்து வேணும்? பேச்சுக்கு முன்னால வேணும்னு ரூல்ல இருக்கா?"

அவர் யோசித்தார். "ஸ்கிரிப்ட் பிந்தி, பேச்சு முந்தியா? அது எப்படி சார்?"

"எங்க பெரியவர் படிக்கிற ஏடு அத்தனையும் அப்படித்தான் சார் வந்திருக்கு. யாரோ பேசினாங்க, யாரோ அப்புறமா எழுதினாங்க."

இதைப் பெரியவர் ஒப்புக்கொள்வாரா என்று எனக்கே தெரியாது. அவர் பெயரைச் சொல்லும்போது குரலில் தைரியம் மட்டும் நிறைய வைத்திருந்தேன். அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். முழுப் பேச்சையும் எழுதி, இரண்டு தலைவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, நாளைக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ராஜா மட்டும்.

இரண்டு தலைவர்களும் சேர்ந்து! எங்கள் அலுவலகத்தில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுவரை மழைக்கு ஒதுங்கியதுதான்.

நல்லவேளையாக ஒரு மின்சார வசதிக் குறைவு கைகொடுத்தது. கூடத்துக்கே ஒரு பிளக்தான், அது மொழிநூல் பக்கம் இருந்தது. அந்த அம்மிக்கல்லை அங்கேதான் வைத்தாக வேண்டும். புதியவர் கழுத்து முடிச்சைத் தளர்த்திக்கொண்டு, எல்லை கடந்து, பெரியவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். நிலையத்திலிருந்து இரவல் வாங்கி வந்த டேப்பை நான் ஓட்டினேன்.

அந்த மத்தியானத்தை உங்களுக்குக் காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும். புதியவர் கேட்கக் கேட்க எழுதினார்; அவர் காது அப்படி ஒரு காது. ஓர் இடத்தில் நின்றார். ஒவ்வோர் ஒலியும் கேட்கிறது, சொல்லும் பிரிகிறது, ஆனால் என்ன சொல்கிறான் என்று தெரியவில்லை. பெரியவர் கண்ணை மூடியபடியே சொன்னார். "ராஜா வர்றதுக்கு முன்னால கட்டியம் சொல்ற பழைய வாசகம் அது. தேஞ்சு போயிருக்கு. அதைத்தான் அந்தப் பிள்ளை கேலி பண்றான்." புதியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். இன்னோர் இடத்தில் பெரியவர் திருத்தப் போனார். புதியவர் டேப்பைத் திருப்பி, அதே மாதிரி பேசிய மூன்று இடங்களைப் போட்டுக் காட்டினார். "சரி விடும். தவறிப்போய்ச் சொல்லல, அவன் வழக்கமே அதுதான்" என்றார் பெரியவர்.

ஓசூர் ரோடு பஸ் வந்ததும் பெரியவர் சிரித்த சிரிப்பில் கீழே சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்து, "இதுக்கு ஒரு அடிக்குறிப்பு போடணும்" என்றார்.

"பஸ்சுக்கா?"

"நூறு வருஷம் கழிச்சுப் படிக்கிறவனுக்கு அந்த பஸ் லட்சணம் எப்படி ஐயா தெரியும்? ஜோக் செத்துப்போயிடுமே!"

புதியவர் மறுக்கவில்லை. தானே அடிக்குறிப்பை எழுதினார். பிறகு திடீரென்று டேப்பை நிறுத்தச் சொன்னார்.

"இந்தக் கேள்வி கேக்கிற ஆள் யாரு? கலப்பில்லாத வட ஆற்காட்டுப் பேச்சு. இப்படி ஒருத்தரைத்தான் இவ்வளவு நாளா ஊர் ஊரா தேடிக்கிட்டிருக்கேன்."

"நான்தான் சார்" என்றேன். என் ஊர் ஆம்பூர்ப் பக்கம். பட்டம் வாங்கிய அன்று அந்தப் பேச்சைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவன்.

"நீயா?" புதியவர் முகத்தில் ஏமாற்றம். "உன்னை வச்சு நான் மெழுகுவர்த்தியைத்தானே வீணாக்கினேன்!"

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வியாழக்கிழமை மாலை கூத்து காற்றில் போயிற்று, கோமாளியோடு.

ஆகவே, கேட்டவருக்கு என் பதில். ஏட்டைப் படிக்கிறவருக்கு அதற்குப் பின்னால் மறைந்துபோன மனிதர்கள் தெரிவார்கள். வாயைக் கேட்கிறவருக்கு எதிரே நிற்கிற மனிதன் தெரிவான். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும், அவர்கள் யாரிடம் பேசினார்கள் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். நான் பார்க்காமல் வெட்டியதும் விரட்டியதும் போதும்.

இரண்டு வாரம் கழித்து முனிரத்தினம் மாடிப்படி ஏறி வந்தார். பின்னால் அவருடைய அப்பா. ஒடிசலான மனிதர், தோய்த்துக் கட்டிய வேட்டி, அளந்து எடுத்துவைக்கிற நடை. பெரியவர் எழுந்து நாற்காலி போட்டார். புதியவர் காபி சொல்லி அனுப்பினார்.

"கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேன். யூனியன் ஆபீசு வாசல்ல லைனே ஒக்காந்துக்கினு கேட்டுச்சு."

முனிரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா காபியை ஆற்றினார். நிதானமாக ஆற்றினார்.

"எப்படி இருந்தது?"

"வூட்லயும் இப்படித்தான் பேசுவான். அப்ப ஒதைப்பேன்." ஒரு வாய் குடித்தார். "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. யாரு மவன்னு கேட்டாங்க. சொன்னேன்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நடுவுல ஒருத்தன் நொய்யி நொய்யின்னு கேள்வி கேட்டுக்கினே இருந்தானே, அது யாரு?"

பீரோவுக்கு இரண்டு பக்கத்து விரல்களும் என்னைக் காட்டின. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்த்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"அடுத்த ஆட்டம் எப்ப?"

"ஞாயித்துக்கெழம. அடுகோடி மைதானத்துல."

"எனக்கு லீவுதான். முன்னால எடம் புடிச்சு வெய்யி. இவரு கேக்கறது பத்தாது. நான் கேக்கறேன்."